மிதிக்கடியில் முட்டை

டாங்கி நிறைந்ததும் பெட்ரோல் குழாய் தானாக மூடிக்கொள்ளும் ‘டக்’ மூன்றாவது முறை கேட்ட பிறகும் கிளெம் டிரெஸீஸ் அதை டாங்கியிலிருந்து எடுக்க மாட்டார். காரின் பின்பக்கத்தில் இரண்டு கைகளையும் ஊன்றி, கால்களை அகட்டி நின்றுகொண்டு, வண்டியை இடமும் வலமுமாக ஆட்டுவார். டாங்கியின் மூலைமுடுக்கில் ஒளிந்திருக்கும் காற்றுக் குமிழி எல்லாம் வெளியே வர வேண்டுமாம். ஆட்டிவிட்டு மறுபடி ஒரு மடக்கு பெட்ரோல். மறுபடி ‘டக்’. மறுபடி ஆட்டம். பின்னால் நிற்கும் லாரிக்காரன் பொறுமையிழந்து ஹாரன் அடித்தால், திரும்பிப் பார்த்து, “இருப்பா, கொழந்தைக்கு ஏப்பம் எடுக்க வேணாமா?” என்பார்.

என் பங்க்கில் பம்பு இரண்டு. கிளெம்முக்கு ஒன்றுதான். மற்றதன் தரை அரை விரற்கடை சரிவாக இருக்கிறது, அதில் போட்டால் கணக்கு பிசகும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. முன்சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்று என்னைக் கேட்காமலே தரையில் வெள்ளைப் பெயின்டால் ஒரு பொட்டு வைத்திருக்கிறார். அந்தப் பொட்டில் வேறு வண்டி நின்றால் காத்திருப்பார், அடுத்த பம்பு காலியாகக் கிடந்தாலும்.

ஆட்டமெல்லாம் முடிந்ததும் வாய் முணுமுணுக்கும். மனக்கணக்குப் புலி. பிறகு கடைக்குள்ளே கறியும் கிழங்கும் அடைத்துச் சுட்ட பேஸ்டி வாங்க நிற்கும் விவசாயிகள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஒரு கூவல்:

“ஆறு புள்ளி மூணு! நூறு கிலோமீட்டருக்கு ஆறு புள்ளி மூணு லிட்டர்! நொரீன், அழும்மா, அழு!”

“அழறேன் கிளெம். உள்ள வந்து பணத்தக் குடுத்துட்டுப் போங்க, கண்ணத் தொடச்சுக்கறேன்.”

பெட்ரோல் விற்கிறவள் என்பதால் அவருடைய கண்டுபிடிப்பால் நான் நொடித்துப்போய்க் கொண்டிருக்கிறேன் என்பது அவர் நம்பிக்கை. இரண்டு வருஷமாக இந்த நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை. வாடிக்கையாளரின் மனம் கோணக் கூடாது.

கிளெம்முக்கு எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறை, காக்கி அரைக்கால் சட்டை, விளிம்பு நைந்த தொப்பி. அடிலெய்டு நகரத்திலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கும் எங்கள் விரபின் ஊரில் கோதுமையும் பார்லியும் தவிர வேறு பேச்சு குறைவு. அந்தக் கோதுமை போய்ச் சேரும் தானியக் கிடங்கின் எடைமேடையில் அவர் பாதி ஆயுளைக் கழித்தார். லாரி வந்து நிற்கும்போதே எடையைச் சொல்லிவிடுவார், முள் பிறகுதான் ஒத்துக்கொள்ளும் என்பார்கள். ஓய்வு பெற்றும் பழக்கம் ஓய்வு பெறவில்லை. தர்பூசணி, நாய், பாதிரியார் என்று எதைக் கண்டாலும் எடை போடுவார். “கிறிஸ்மஸுக்கு அப்புறம் ரெண்டு கிலோ ஏறிட்டம்மா நொரீன்” என்று என் கடையில், என் கல்லாவுக்கு எதிரில் நின்று, என்னிடமே சொன்ன மனிதர். உலகத்தில் அவர் எடை போடாமல் விட்ட ஒரே பொருள் அவருடைய சொந்த வலது கால். அந்தக் கதைக்கு வருகிறேன்.

முதலில் ஜாடி. பானெட்டைத் திறந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் ஊறுகாய் ஜாடி அளவுக்குக் கனத்த பிளாஸ்டிக் ஜாடி ஒன்று உட்கார்ந்திருக்கும். உள்ளே எவர்சில்வர் தகடுகள், மழைத்தண்ணீர், சாக்கடை அடைப்பு எடுக்கும் காஸ்டிக் காரம் ஒரு சிட்டிகை. எஞ்சின் ஓடினால் தகடுகளில் மின்சாரம் பாயும். தண்ணீர் கொப்புளித்து ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். அந்த வாயு ஒரு ரப்பர் குழாய் வழியாக எஞ்சினின் மூச்சுக்குழலுக்குள் போய்ப் பெட்ரோலோடு சேர்ந்து எரியும். அதனால் பெட்ரோல் குறையும். தத்துவம் இவ்வளவுதான். கணினித் திரையில் யாரோ ஒரு மீசைக்காரன் சொல்லிக் கொடுத்தது. “வண்டி தண்ணில ஓடுதாமே?” என்று யாராவது கேட்டால் கிளெம்முக்குக் கோபம் வரும்.

“எவன் சொன்னான்? பெட்ரோல்லதான் ஓடுது. தண்ணி ஒரு தொணைக்கு. ரொட்டிக்கு வெண்ணெ மாதிரி. வெண்ணெ தடவினா ரொட்டி கம்மியாத்தானே எறங்கும்?”

எங்கள் ஊரில் வெண்ணெய் தடவியதால் ரொட்டி குறைவாகத் தின்றவன் எவனும் இல்லை. இருந்தாலும் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பேசினால் பானெட்டைத் திறந்துவிடுவார்.

ஜாடிக்கு அவர் செய்யும் பணிவிடையைச் சொல்ல வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது, சுண்ணாம்பு படியும். கூரையிலிருந்து தொட்டிக்கு இறங்கும் மழைத்தண்ணீர்தான். அதையும் வெர்னாவின் காலுறைத் துணியில் வடிகட்டுவார். வெர்னா அவருடைய மனைவி. வெர்னாவின் அலுமினிய அளவுக் கரண்டியில்தான் காரத்தை அள்ளிக்கொண்டிருந்தார். காரம் அலுமினியத்தைத் தின்னும் என்று மீசைக்காரன் சொல்லவில்லை போலிருக்கிறது. “என்னோட அரைக் கரண்டி கால் கரண்டியாயிருச்சு நொரீன்,” என்று வெர்னா கடையில் சொன்னார். “சோடா மாவு ஏன் பத்தல, கேக் ஏன் தட்டையாவே வருதுன்னு மூணு வாரம் மண்டைய ஒடச்சுக்கிட்டேன்.”

ஒரு முறை தோட்டத்துக் கொட்டகையில் வாயு வருகிறதா என்று பார்க்க கிளெம் லைட்டரைப் பற்றவைத்தார். வந்துகொண்டுதான் இருந்தது. ஜாடியின் மூடி தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஆட்டுப் பட்டியில் போய் விழுந்தது. ஊர்த் தீயணைப்புத் தொண்டர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினார்கள். கிளெம் கருகிய புருவத்தோடு வாசலில் நின்று, “ஒண்ணுமில்ல, எல்லாம் போங்க. வேலை செய்யுதுன்னு நிரூபணம் ஆயிருச்சு” என்றார். கூரை ஓட்டையை இன்றுவரை அடைக்கவில்லை. வெளிச்சத்துக்காக வைத்தது என்கிறார். ஒரு புருவம் கறுப்பாகவும் மற்றது வெளுப்பாகவும் முளைத்தது. முன்கையில் காரம் பட்டு வெந்த தழும்பைக் கேட்டால், அது மட்டும் ரோஜாச் செடி கீறியது.

“இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லிட்டீங்களா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“அவங்க கேக்கல, நான் சொல்லல. கேக்காத எடத்துல பேசறது மரியாதை இல்ல.”

லாபக் கணக்கை மட்டும் கேட்காமலே சொல்வார். பெட்ரோல் மிச்சம். எஞ்சினுக்குள்ளே கரி படியாது. புகை கிடையாது. புகை கிடையாது என்று காட்டுவதற்காகவே சட்டைப் பையில் வெள்ளைக் கைக்குட்டை ஒன்று வைத்திருக்கிறார். வண்டியை முறுக்கச் சொல்லிப் புகைக்குழாயின் வாயில் அதைப் பிடித்து, பிறகு நாலு பேர் முன்னால் விரித்துக் காட்டுவார். உண்மையிலேயே வெள்ளையாகத்தான் இருக்கும். பிறகு அதே கைக்குட்டையில் மூக்கைச் சிந்துவார். அதுதான் சோதனையின் இரண்டாம் பாகம்.

என் பங்க்கை ஒட்டினாற்போல் ஸ்பிரோவின் பட்டறை. ஸ்பிரோ ஊரின் ஒரே மெக்கானிக். கிரேக்கக் குடும்பம், அவன் அப்பா காலத்திலிருந்து பட்டறை இங்கேதான். ஜாடியைப் பற்றி ஸ்பிரோவுக்கும் கிளெம்முக்கும் நடக்கும் சண்டை எங்கள் ஊரின் வாராந்தர நிகழ்ச்சி. பேஸ்டி அடுப்பிலிருந்து இறங்கும் நேரம் பார்த்து ஆரம்பமாகும்.

“யோவ் பெரிசு, ஜாடிக்குக் கரண்ட் எங்கேர்ந்து வருது?”

“பேட்டரி.”

“பேட்டரிக்கு?”

“டைனமோ.”

“டைனமோவச் சுத்தறது யாரு?”

“எஞ்சினு.”

“எஞ்சினுக்கு எது சோறு?”

“பெட்ரோலு. அதுக்கென்ன இப்ப?”

“மாட்டுகிட்ட பாலைக் கறந்து, அத மாட்டுக்கே ஊத்திட்டு, அதுல ரெண்டு லிட்டர் மிச்சம்னு சொல்றியே, அதான் இப்ப!”

கிளெம் அசர மாட்டார். பேஸ்டியை மெதுவாக மென்று முடித்து, வாயைத் துடைத்துக்கொள்வார். “நீ படிச்சது உங்கப்பன்கிட்ட. உங்கப்பன் படிச்சது பெட்ரோல் கம்பெனிக்காரன்கிட்ட. எனக்கு முள்ளு சொல்லணும்டா. முள்ளு ஆறு புள்ளி மூணுன்னு சொல்லுது. முன்ன ஒம்பது சொல்லிச்சு. முள்ளு பொய் சொல்லுமா?”

முள் பொய் சொல்லவில்லை என்பதுதான் ஸ்பிரோவின் வயிற்றெரிச்சல். ஏனென்றால் ஒவ்வொரு முறையும் பெட்ரோல் போட்டது என் கண் முன்னால். ஒன்பது ஆறானது உண்மைதான்.

எப்படி என்பது ஊருக்கே தெரியும், கிளெம்மைத் தவிர.

ஜாடிக்கு முன்னால் கிளெம் ஓட்டியதை நான் பார்த்திருக்கிறேன். தலைதெறிக்க வருவார், கோழிகள் பறக்கும், என் பலகை ஆடும். ஜாடி வந்த நாளிலிருந்து ஆளே மாறிப்போனார். நூற்றுப் பத்தில் போக வேண்டிய நெடுஞ்சாலையில் எண்பதுதான். நாற்பது டிகிரி வெயிலிலும் ஏசி கிடையாது. ஜன்னலும் திறக்கக் கூடாது, காற்று வண்டியைப் பிடித்து இழுக்குமாம். கண்ணுக்கெட்டிய தூரத்தில் வளைவு தெரிந்தாலே காலை எடுத்துவிடுவார், வண்டி தானாக உருண்டு போய்ச் சேரும். டிக்கியிலிருந்த சாமான் எல்லாம் கொட்டகைக்குப் போயிற்று. வெர்னாவின் மடக்கு நாற்காலி, மழைக்கோட்டு, இரண்டு குடைகள், ஒரு பைபிள்.

“ஆக்சிலேட்டருக்கு அடியில ஒரு முட்டை இருக்குன்னு நெனச்சுக்கணும் நொரீன்,” என்று எனக்கே பாடம் எடுத்திருக்கிறார். “ஜாடி வச்ச வண்டிய அப்படித்தான் ஓட்டணும். முட்டை ஒடையக் கூடாது.”

“ஜாடி இல்லாத வண்டிய அப்படி ஓட்டினா?”

“அதுல என்ன பிரயோஜனம்? ஜாடிதான் இல்லையே!”

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எதிரே வரும் வண்டிக்கு, தெரிந்தவரோ தெரியாதவரோ, ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிக் காட்டுவோம். அதுதான் வணக்கம், அதுதான் நலமா, அதுதான் மழை வருமா எல்லாம். கிளெம்முக்குப் பின்னால் அறுவடைக் காலத்தில் பத்து லாரி வால்பிடித்து நிற்கும். சாலை நேரானதும் ஒவ்வொன்றாக முந்தும். முந்தும்போது அவர்களும் விரல் காட்டுவார்கள். காட்டுவது எல்லாம் ஆள்காட்டி விரல் இல்லை. கிளெம் வித்தியாசம் பார்ப்பதில்லை, எல்லோருக்கும் முறையாக ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பதில் வணக்கம் வைப்பார். “நம்ம ஊர்ல மரியாதை இன்னும் இருக்கு வெர்னா” என்று சொல்வாராம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், ஒரு நன்மை இருக்கிறது. அந்தி நேரத்தில் எங்கள் சாலைகளில் கங்காரு குறுக்கே பாயும்; பம்பர் நசுங்காத வண்டி ஊரில் அபூர்வம். கிளெம்மின் வண்டி ஜாடி வந்ததிலிருந்து ஒரு கங்காருவையும் தொடவில்லை. அவர் வேகத்துக்குக் கங்காருக்கள் நின்று பார்த்துவிட்டுப் போகின்றன. இதையும் அவர் ஹைட்ரஜன் கணக்கில்தான் எழுதுகிறார்.

இதெல்லாம் ஊர்ச் சிரிப்போடு போயிருக்கும். டாம்சினின் கல்யாணம் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

டாம்சின் கிளெம்முக்கும் வெர்னாவுக்கும் ஒரே மகள். கண்டத்தின் மேற்குக் கோடியில், பெர்த் பக்கம் கடலோரத்தில் பள்ளி ஆசிரியை. முதல் கல்யாணம் நிலைக்கவில்லை. இப்போது நாற்பது வயதில், படகு செய்யும் ஒரு நல்ல மனிதரோடு இரண்டாவது. அந்த முதல் கல்யாணம் அடிலெய்டில் நடந்தது. இரண்டு மணி நேரப் பயணம். அன்று கிளெம் பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டியிருந்தார். காந்தம் பெட்ரோலை நேராக்கும், நேரான பெட்ரோல் நன்றாக எரியும் என்று அப்போது ஒரு தத்துவம். காந்தத்துக்காக வளைத்த குழாய் பாதி வழியில் கசிந்து வண்டி நின்றது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பாட்டு முடிந்து சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. அப்பாவின் கையைப் பிடித்து நடக்க வேண்டிய டாம்சின் தன் மாமாவின், அதாவது வெர்னாவின் தம்பியின், கையைப் பிடித்துக்கொண்டுதான் தேவாலயத்துக்குள் நடந்தாள். கிளெம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியது கிடையாது. காந்தத்தை மட்டும் கழற்றிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறது. அவர் பால் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கல்யாணத்துக்கு விமானத்தில் போகலாமே என்று கேட்டேன். முடியாது. காரணம் கேக். டிரெஸீஸ் வீட்டில் கல்யாணம் என்றால் பெண்ணின் தாய் சுட்ட பழக்கேக்தான் வெட்ட வேண்டும். வெர்னா போன ஜூலைக் குளிரிலேயே மூன்று தட்டுக் கேக்கைச் சுட்டுவைத்து, வாரா வாரம் கரண்டி கரண்டியாக பிராந்தி ஊற்றி வளர்த்துக்கொண்டிருந்தார். (புதுக் கரண்டி.) அதை விமானச் சாமான்காரர்களிடம் ஒப்படைக்க அவர் தயாராக இல்லை. காரில், பின்சீட்டில், தன் கண் பார்வையில் வர வேண்டும். நல்லார்பார் பொட்டல்வெளியைக் கடந்து இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், மரம் இல்லாத சாலை, பிப்ரவரி வெயில்; எங்கள் பக்கம் அதுதான் உச்சக் கோடை.

கிளெம்முக்கு இதைவிடப் பெரிய மேடை எது? ஜாடியோடு கண்டத்தைக் கடந்து காட்டுவது என்று முடிவு செய்துவிட்டார். கடைக்கு வந்து, தூக்கமில்லாத கண்ணோடு, சுமைக் கணக்குச் சொன்னார்.

“கேக்கு மேல்தட்டு ரெண்டு கிலோ. நடுத்தட்டு நாலு. அடித்தட்டு ஏழு. ஏழு கிலோ! அடித்தட்ட மட்டும் விட்டுட்டுப் போனா ஆறு புள்ளி ஒண்ணு வரும்.”

கூடவே வந்து முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த வெர்னா அடுக்கிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. “உன்ன விட்டுட்டுப் போனா? நீ எண்பத்திரண்டு கிலோ.”

அப்போதுதான் வெர்னாவின் கைபேசி அடித்தது. இரண்டு கையிலும் முட்டை. என்னை எடுக்கச் சொன்னார். அழுத்தியதும் டாம்சினின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

“அம்மா, அப்பா பக்கத்துல இருக்காரா? அப்பா, நீங்க வர்றீங்களா, இல்ல ஜாடி வருதா?”

“ரெண்டு பேரும் வர்றோம்டி!”

“சரிப்பா,” என்றாள். பிறகு, ரொம்ப மெதுவாக, “அம்மா… மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டுமா? சும்மா, எதுக்கும் இருக்கட்டும்னு.”

கிளெம் பேஸ்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். பெட்டி காலியாக இருந்தது.

பேச்சு முடிந்ததும் வெர்னா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “ஸ்பிரோ பாத்து ‘சரி’ன்னு சொன்னாத்தான் நான் அந்த வண்டில ஏறுவேன்.”

“தாராளமாப் பாக்கட்டும். முள்ளுக்கு என்ன பயம்?” என்றார் கிளெம்.

புறப்படும் நாள் காலையில் வண்டி என் பங்க்குக்கு வந்தது. வழக்கம்போல வெள்ளைப் பொட்டு, வழக்கம்போல ஆட்டம். பின்சீட்டில் கேக் இருந்ததால் ஆட்டம் கொஞ்சம் மென்மையாக இருந்தது, அவ்வளவுதான். கணக்கு முணுமுணுத்து முடிந்ததும் குரல் ஊரையே எழுப்பியது. “ஆறு புள்ளி ரெண்டு! இதுவரைக்கும் இல்லாத ரெக்கார்டு! நொரீன், கடையச் சாத்தும்மா!”

ஸ்பிரோ கையைத் துடைத்துக்கொண்டு வந்து பானெட்டைத் தூக்கினான். குனிந்தான். குனிந்தவன் நிமிரவே இல்லை. “பெரிசு, இங்க வா” என்றான். அவன் குரலில் வழக்கமான கேலி இல்லாததைக் கேட்டு நானும் போனேன்.

அறுவடை முடிந்தால் எங்கள் பக்கம் வயல் எலிகள் வீடு தேடி வரும். வயர், குழாய், சோபா, எது கிடைத்தாலும் கடிக்கும். ஜாடியிலிருந்து எஞ்சினுக்குப் போக வேண்டிய ரப்பர் குழாய், மேலிருந்து பார்த்தால் தெரியாத அடிப்பக்கத்தில், பாதியோடு நின்றிருந்தது. மீதி இல்லை. கடித்த ஓரம் பழசாகி, அதன்மேல் புழுதி படிந்திருந்தது. எஞ்சின் ஓரத்தில் கோதுமை உமியும் ரப்பர்த் துணுக்குமாக ஒரு கூடு, அதுவும் காய்ந்து கைவிடப்பட்டது. எலி குடும்பம் பெருக்கிக் குடிமாறியே போய்விட்டது. ஸ்பிரோ சாவியைப் போட்டான். ஜாடி அழகாகக் கொப்புளித்தது. வாயு அறுந்த முனை வழியாகக் காற்றோடு போய்க்கொண்டிருந்தது.

“எப்பலேர்ந்து?” என்றார் கிளெம்.

“அறுவடையிலேர்ந்து இருக்கும். ரெண்டு மாசம்.”

அந்த இரண்டு மாதத்தில்தான் ஆறு புள்ளி மூன்று, இன்றைக்கு ஆறு புள்ளி இரண்டு. நான் ஒவ்வொன்றுக்கும் சாட்சி. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். இரண்டு வருஷமாகக் காத்திருந்த சிரிப்பு. வரவில்லை. அந்தக் கறுப்புப் புருவமும் வெள்ளைப் புருவமும் ஒன்றாக மேலே ஏறி நின்றதைப் பார்த்தபோது பாவமாக இருந்தது.

கிளெம் சுதாரித்துக்கொண்டார். “பாத்தியா? குழாய் இல்லாமலே இவ்வளவு குடுக்குதுன்னா, குழாய் மட்டும் இருந்திருந்தா…”

ஸ்பிரோ ஸ்பானரை எடுத்து ஒரு பிளக்கைக் கழற்றினான். அதன் நுனி வெந்த எலும்பு மாதிரி வெளுத்திருந்தது.

“பெட்ரோல் பத்தாம வெந்திருக்கு பாரு. ஜாடிய விடு பெரிசு, அது பாவம். இந்தப் பொட்டிதான் வெனை.” ஜாடியோடு மீசைக்காரன் சேர்த்துக் கொடுத்திருந்த சின்னக் கறுப்புப் பெட்டியை விரலால் தட்டினான். “பெட்ரோல் போதும் போதும்னு வண்டியோட மூளைகிட்டப் பொய் சொல்றதுக்குன்னே வச்சது இது. எண்பதுல ஊர்ப் பக்கமே பசியோட ஓடிருச்சு, தப்பிச்சுது. இந்த வெயில்ல, மூட்டை முடிச்சோட, பொட்டல்ல நாள் பூரா ஓட்டினா பிஸ்டன் உருகிரும். அங்க பங்க்குக்குப் பங்க் எரநூறு கிலோமீட்டரு. காக்காகூடக் கெடையாது.”

“அப்ப அந்த ஆறு புள்ளி ரெண்டு?” கிளெம்மின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“பொட்டி ஏதோ கொஞ்சம் திருடியிருக்கும். மிச்சமெல்லாம் உன் காலுய்யா. ஊர்ல எவனுக்கும் அப்படி ஒரு காலு கெடையாது.”

வெர்னா இவ்வளவு நேரமும் பின்கதவுப் பக்கம் நின்றிருந்தார். பானெட்டுக்குள் எட்டிப் பார்க்கவே இல்லை. கிளெம்மைத் திட்டவும் இல்லை. என் பக்கம் திரும்பி, “அடிலெய்டு பஸ் எத்தன மணிக்கு நொரீன்?” என்று மட்டும் கேட்டார்.

“இன்னும் அரை மணி நேரத்துல இங்கதான் வந்து நிக்கும்.”

வெர்னா பின்கதவைத் திறந்து கேக்கின் மேல்தட்டுப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கிளெம் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். எதையும் துடைக்கவில்லை. மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டார். “பொட்டியக் கழட்டுடா ஸ்பிரோ” என்றார்.

“ஜாடி?”

“ஜாடி இருக்கட்டும். அது யார என்ன பண்ணுது?”

“பெரிசு, உள்ள சூட்டுல வாயுவ விட்டுக்கிட்டே போக முடியாது. வயரையாவது புடுங்கறேன்.”

“வயரப் புடுங்கு. ஜாடி இருக்கட்டும்.”

ஸ்பிரோ வேலையை முடித்து, புதுப் பிளக்குகள் போட்டு, பானெட்டைச் சாத்தினான். வெர்னா கேக் பெட்டியைத் திரும்பவும் உள்ளே வைத்தார். கிளெம் ஓட்டுநர் கதவு வரை போனார். கைப்பிடியைத் தொட்டார். அங்கேயே நின்றார். பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து சாவியை வெர்னாவின் உள்ளங்கையில் வைத்தார்.

“நீயே ஓட்டு. எனக்கு இந்தக் கால் எறங்காது. எண்பதுலயே போய்க்கிட்டிருப்பேன்.”

வெர்னா ஓட்டுநர் பக்கம் போய், சீட்டை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் வேலையாக ஏசியைப் போட்டார். கிளெம் இடப்பக்கம் ஏறி, பின்சீட்டுக்குக் கை நீட்டி, அடித்தட்டுக் கேக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அது ஏன் மடில?” என்றேன்.

“சீட்டுல வச்சாக் குலுங்கும். ஏழு கிலோ. என்ன பெரிய சொமையா?”

வழிக்குப் பேஸ்டி கட்டிவைத்திருந்தேன். பொட்டலத்தைக் கொடுக்க அவர் பக்கத்து ஜன்னலுக்குள் குனிந்தேன். வெர்னா எஞ்சினைக் கிளப்பி, பழக்கமில்லாத தயக்கத்தோடு மெதுவாக நகர்த்தினார். கிளெம் என்னைப் பார்க்கவில்லை. கண் சாலையில் இருந்தது, இரண்டு கையும் கேக் பெட்டியை அணைத்திருந்தன. கீழே, மிதி எதுவும் இல்லாத வெறும் பாயின்மேல், தன் வலது காலை, ஆக்சிலேட்டர் அங்கேதான் இருப்பது போல, குதிகால் எழும்ப முழுசாக அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தார்.